குழந்தைகள், குடும்பநலப் பணிக்குச் செல்ல எதைப் படிப்பது?

கேட்டவர்: தேவகோட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் 'இல்லம் தேடிக் கல்வி' மையத்தில் தன்னார்வலராக இருந்தபோது, அங்கு வந்த பிள்ளைகள் பலருடைய தந்தையர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருப்பதையும், அப்பத்தாவோ தாயோ தனியாக நின்று அவர்களை வளர்ப்பதையும் பார்த்தேன். ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்குவதற்கு வீட்டுச் சூழ்நிலைதான் காரணம் என்று தெரிந்த பிறகும், அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதையே தொழிலாகச் செய்ய விரும்புகிறேன். உளவியல் படிப்பதா, சமூகப் பணி படிப்பதா? அஞ்சல்வழியில் படித்தால் போதுமா? வீட்டில் பி.எட். அல்லது வங்கித் தேர்வு என்கிறார்கள்.

மறுமொழி 1: குழந்தைகள் பாதுகாப்புத் துறை ஊழியர்

தங்கைக்கு வணக்கம். படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் வேலை எப்படிப்பட்டது என்பதை அறிந்துகொள்ளுங்கள். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைப்பு வந்தோ, காவல்துறை வழியாகவோ, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை ஒன்று கண்டறியப்பட்டால், 24 மணி நேரத்திற்குள் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அதை நிறுத்த வேண்டும். அதன்பின் 15 நாட்களுக்குள் சமூக விசாரணை முடிந்தாக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அந்த விசாரணையை நடத்தி அறிக்கை எழுதுவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பிள்ளை யாருடன் உறங்குகிறது, வெளிநாட்டிலிருந்து வரும் பணம் யார் கைக்குப் போகிறது, பள்ளிக்குப் போகாத நாட்களில் எங்கே இருக்கிறது என்பவற்றையெல்லாம், வீட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கேட்டறிய வேண்டும். நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அதிகம். முதல் சந்திப்பில் வாசல் திண்ணையைத் தாண்ட விடமாட்டார்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது எங்கள் வேலையன்று. வறுமைதான் சிக்கல் என்றால், 'மிஷன் வாத்சல்யா' என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற்றுத் தந்து, குடும்பத்துடனேயே இருக்க வைக்க முயல்கிறோம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இத்திட்டப் பணியிடங்களில் பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் அமைந்தவை. வீட்டில் இதைப் பற்றிப் பேசிவிட்டு இறங்குங்கள்.

மறுமொழி 2: சமூகப் பணி விரிவுரையாளர், மதுரை

நீங்கள் விவரிக்கும் வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுநிலைப் பட்டம், நேரடியாகப் பொருந்தும். இரண்டாண்டுப் படிப்பு, எந்த இளநிலைப் பட்டம் பெற்றவரும் சேரலாம் என்பதால் பி.காம். தடையாகாது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சமூகப் பணித் துறை உண்டு. ஆனால் கல்லூரியின் பெயரைவிட, அங்கே எந்தச் சிறப்புப் பிரிவுகள் நடக்கின்றன என்பதை முதலில் கேளுங்கள். மனிதவள மேலாண்மைப் பிரிவுக்கே கூட்டம் சேரும் கல்லூரிகளில், குடும்பம் மற்றும் குழந்தை நலப் பிரிவு விவரக் குறிப்பேட்டில் மட்டும் இருப்பதுண்டு. களப்பணி பொதுவாக வாரத்தில் இரண்டு நாட்கள் நடக்கும். மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள், அறிக்கையைப் படித்துத் திருத்துபவர் யார் என்று மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள். அஞ்சல்வழியில் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இப்படிப்பை வழங்குகிறது. அதிலும் களப்பணி கட்டாயம். இருந்தாலும் வேறு பட்டம் படித்துவிட்டு வருகிற உங்களுக்கு நேரடி வகுப்பே நல்லது என்பது என் கருத்து.

உளவியல் வேறு பாதை. எம்.எஸ்சி. உளவியல் மட்டும் படித்தவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற பயிற்சியும் அதன் பதிவும் தேவை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்விக்கும் அப்படியே.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பள்ளத்தூர்

பி.எட். என்று சொல்லும் பெற்றோரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம், அம்மா. ஒரு பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியர்தான். சட்டை கசங்கியிருப்பதும் சாப்பிடாமல் வந்திருப்பதும் எந்த அலுவலருக்கும் முன் அவர் கண்ணில்தான் படும். ஆனால் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வீட்டிற்குப் போய் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீடு வீடாகப் போவதில்தான் உங்கள் மனம் நிற்கிறது என்றால், விரிவுரையாளர் சொன்னதைக் கேளுங்கள்.

தேவகோட்டை மாணவி

மூவருக்கும் நன்றி. சமூகப் பணிக்கே விண்ணப்பிக்கிறேன். ஒரு ஐயம்: படித்து முடிக்கும் முன்பே, தன்னார்வலர் என்ற நிலையில், ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலைப் பற்றி என்னிடம் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1-இன் தொடர்ச்சி

சொல்லியே ஆக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாக அறியும் எவரும் அதைக் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர் மீது வழக்குப் போட முடியாது. 1098-ஐ அழைத்தாலும் வழிகாட்டுவார்கள். நீங்களே துருவித் துருவி விசாரிக்கவோ, 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கவோ வேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாரேனும் வந்தால், அதற்கு உடன்பட உங்களுக்கும் அவர்களுக்கும் உரிமை இல்லை.