உதவி: லேசர் பிரிண்டரில் அச்சிட்ட காசோலையை வங்கி இயந்திரம் படிக்கவில்லை

பல்லடம் கணக்கர்: வணக்கம். அலுவலக லேசர் பிரிண்டரில் நாங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் காசோலைகளை இயந்திரம் படிக்கவில்லை என்று சொல்லி, தறிக்காரர்களின் வங்கியில் திருப்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை நெசவுக் கூலி கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

சோமனூர் தறி: அது வங்கி கொடுத்த தாளா, வெற்றுத் தாளா? அடியிலுள்ள எண் வரிசையையும் நீங்கள்தான் அச்சிடுகிறீர்களா?

ஈரோட்டுக்காரன்: சாதாரண டோனர், அதாவது பிரிண்டரின் மைத்தூள்தான் காரணம். இரும்பு ஆக்சைடு மிகுந்த காந்த டோனர் போடுங்கள். அமெரிக்காவில் அலுவலகங்களே வெற்றுத் தாளில் அப்படி அச்சிடுகின்றன.

கோவை மூத்தவர்: அடிப்படை தெரியாமல் யோசனை சொல்ல வேண்டாம். இங்கே காசோலைகளுக்கான சி.டி.எஸ்.-2010 தரப்படி, நீர்க்குறியும் புற ஊதா ஒளியில் தெரியும் வங்கிச் சின்னமும் இயந்திரம் படிப்பதற்காகக் காந்த மையில் அடியில் அச்சிட்ட எம்.ஐ.சி.ஆர். எண்களும் கொண்ட தாளை வங்கிதான் தரும். நாம் அச்சிடுவது தேதி, பெயர், தொகை மட்டுமே. கேள்வி கேட்பவர்கள் விவரத்தோடு கேட்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்வது?

திருப்பூர் நிட்ஸ்: காசோலையே எதற்கு? கணக்குக்குக் கணக்கு பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இரவு பகலாக நடக்கிறதே.

சோமனூர் தறி: நூல் வியாபாரி பின்தேதியிட்ட காசோலைதான் கேட்கிறார் அண்ணா. நெஃப்ட்டை அவர் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியுமா?

திருப்பூர் நிட்ஸ்: மூன்று மாதத்தில் அது செல்லாமல் போய்விடும்.

சோமனூர் தறி: அந்த மூன்று மாதம் காசோலையில் எழுதிய தேதியிலிருந்துதான் கணக்கு.

பல்லடம் கணக்கர்: வங்கித் தாள்தான், பெயரும் தொகையும் மட்டும் அச்சிடுகிறோம். உற்றுப் பார்த்தால் அடி எண்களின் மேலேயே நூலிழை போல ஒரு சாம்பல் கோடு ஓடுகிறது.

கோவை மூத்தவர்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடியிலுள்ள 16 மி.மீ. வெள்ளைப் பட்டையில் அந்த எண்களைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. பல லேசர் டோனர்களில் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு இருப்பதால், எண்களின் மேல் விழும் கோடு அவற்றைப் படிக்கும் காந்த முனையையும் குழப்பும், ஸ்கேனர் எடுக்கும் படத்தையும் கெடுக்கும். காசோலையின் குறுகிய பக்கம் முதலில் நுழைவதால் பட்டை முழுவதும் தாள் ஓடும் திசையிலேயே கிடக்கிறது; டோனரைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்மில் ஒரே ஒரு கீறல் இருந்தாலும் கோடு எல்லா எண்களையும் தொட்டுவிடும். ஓர் ஏ4 வெற்றுத் தாளை ஓட்டிப் பாருங்கள். அதே இடத்தில் கோடு விழுந்தால் டிரம்மை மாற்றுங்கள். அதுவரை தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அச்சையும் 180 டிகிரி திருப்பினால் பட்டை மறுபுறம் போய்விடும்.

பல்லடம் கணக்கர்: ஏ4 தாளிலும் கோடு விழுந்தது. டிரம் மாற்றினோம்; காசோலைகள் பாஸ் ஆகிவிட்டன. நன்றி ஐயா.

சோமனூர் தறி: டிரம் தனியாகக் கிடைத்ததா, கார்ட்ரிட்ஜோடு சேர்த்து மாற்றினீர்களா? எங்கள் பிரிண்டரிலும் லேசாகக் கோடு தெரிகிறது.