அக்வாபொனிக்ஸ் தெரிஞ்ச ஆக்கள் யாராவது கொழும்பில இருக்கிறீங்களா?

வணக்கம். வெள்ளவத்தையில எங்கட வீட்டு மொட்டைமாடியில அப்பாவும் நானும் தொடங்கின அக்வாபொனிக்ஸ் வேலை, அதாவது மீன் வளர்க்கிற தண்ணியிலேயே மண் இல்லாமல் செடி வளர்க்கிறது, பாதியில நிக்குது. 500 லீட்டர் தாங்கியில 20 திலாப்பியா குஞ்சு, மேல சல்லிக்கல் போட்ட தொட்டியில கங்குனும் வல்லாரையும். மூன்று கிழமைக்கு முதல் சல்லி மூட்டையோட ஈரப் படியில வழுக்கி, அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிஞ்சிட்டுது. ஒப்பரேஷன் முடிஞ்சு வீட்டில படுக்கை. மூட்டையை நான் தூக்கியிருக்க வேணும், அது வேற கதை.

பைப் வேலை எல்லாம் அவர்தான். எனக்கு மீனுக்குச் சாப்பாடு போட மட்டும்தான் தெரியும், அதையும் கூடப் போட்டிட்டன் போல. தண்ணியைச் சோதிச்சுப் பார்த்தா மீன் கழிவால வாற அமோனியா 2, நைட்ரைட்டும் ஏறுது, ரெண்டுமே மீனுக்கு நஞ்சு. அமோனியாவை நைட்ரேட்டாக்கிற பாக்டீரியா வளர நாலு தொடக்கம் ஆறு கிழமை வேணுமாம், நாங்கள் பொறுக்காமல் மீனை விட்டிட்டம். இப்ப தீனியை நிப்பாட்டி, குளோரின் போகட்டும் எண்டு ஒரு நாள் வாளியில வச்ச பைப் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா மாத்துறன்.

மற்றது பெல் சைஃபன், செடித் தொட்டி நிரம்பினதும் தண்ணியைத் தானா இழுத்துக் கீழ இறக்கிற மூடி போட்ட குழாய். தண்ணி நடுக்குழாய் விளிம்பால சும்மா வழியுது, ஒரேயடியா இழுத்து இறக்குதில்லை. பம்பின்ர வேகம் காணாதா, இல்லாட்டி மூடிக்குள்ள காத்துப் போகுதா?

ஞாயிறு பின்னேரம் யாராவது வந்து பார்த்தால் பெரிய உதவி. அப்பா படுத்தபடியே "தண்ணி இறங்கிற சத்தம் கேக்கேல்லையே" எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணி நிச்சயம்.