செங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் ஒரே அடர்த்தி வருது, ஏன்?

மாங்குளத்தான்:
மகளின்ர விஞ்ஞானச் செய்முறைக்கு ரெண்டு துண்டு எடுத்தம். ரோட்டுக் கருங்கல் 53 கிராம். 250 மில்லி லீற்றர் அளவுச்சாடியில தண்ணி 20 ஏறினது, அடர்த்தி 2.65. செங்கல்துண்டு காய்ஞ்சபடி 36 கிராம். போட்ட உடனை 150இல இருந்து 169 மட்டும் ஏறின தண்ணி, குமிழி வரவர இறங்கி 164இல நிண்டிட்டுது. 36ஐ 14ஆல பிரிச்சால் 2.57! கையில தூக்கினாலே செங்கல் பாரம் குறைவெண்டு தெரியுது. சாடி பிழையோ, தராசு பிழையோ?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
ரெண்டும் பிழையில்லை அண்ணை, குமிழியைப் பாருங்கோ. துளையளுக்குள்ள இருந்த காத்து வெளிக்கிட, அந்த இடத்துக்குத் தண்ணி பூந்திட்டுது. நீங்கள் அளந்தது துளை நீங்கலாய்ச் சுட்ட மண்ணின்ர கனவளவை. அது கருங்கல்லுக்குக் கிட்டத்தான் வரும். செங்கல்லின்ர அடர்த்திக்குத் துளையும் சேர்ந்த முழுக் கனவளவு வேணும்.

இரவு முழுக்க ஊறவிடுங்கோ. காலமை ஈரத்துணியால மேல்தண்ணியை மட்டும் ஒத்தி எடுங்கோ. காய்ஞ்ச துணி உள்தண்ணியையும் உறிஞ்சிப்போடும். பிறகு கனவளவை அளவுங்கோ. திணிவுக்கு மட்டும் அந்தக் காய்ஞ்ச 36தான்.

அந்தச் சாடியில கோடு 2 மில்லி லீற்றருக்கு ஒண்டாய்த்தானே இருக்கும்? 14இல 1 பிசகினால் விடை 7 வீதம் ஆடும்.

தராசுக்காரன்:
0.1 கிராம் காட்டுற டிஜிற்றல் தராசு இருந்தால் சாடியே தேவையில்லை. தண்ணிக் கோப்பையைத் தராசில வைச்சுப் பூச்சியமாக்குங்கோ. கல்லை நூலில கட்டி முழுக்கத் தாழவிடுங்கோ, அடியிலயும் கரையிலயும் முட்டாமல். தண்ணி கல்லை மேல தள்ளுற அதே விசையால கல் தண்ணியைக் கீழ தள்ளும். தராசு காட்டுற கிராம்தான் கனசென்ரிமீற்றர். எங்கட வெக்கையில, 30 பாகையில ஒரு கனசென்ரிமீற்றர் தண்ணி 1 கிராமில்லை, 0.996 கிராம்தான், பள்ளிக்கூடக் கணக்குக்கு அந்த வித்தியாசத்தை விடலாம்.

மாங்குளத்தான்:
செய்தாச்சு. ஊறின செங்கல் 42.5 கிராம். நூலில தாழவிடத் தராசு 20.4 காட்டினது, அடர்த்தி 1.76. உறிஞ்சின 6.5ஐப் பழைய 14ஓட கூட்டினாலும் 20.5 வருது, மகளுக்குப் பெரிய புளுகம். இப்ப முதிரைக்கட்டையோட வந்து நிக்கிறா. அதையும் ஊறப்போடட்டோ?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
ஐயோ வேண்டாம், மரம் ஊதிக் கனவளவே மாறிப்போம். உருகின மெழுகில ஒருக்கால் தோய்ச்செடுத்து அளவுங்கோ. ஒட்டின மெழுகின்ர கிராமை 0.9ஆல பிரிச்சுக் கனவளவில கழியுங்கோ. மிதந்தால் மெல்லிய ஊசியால அமத்திப் பிடிச்சால் சரி. கிரவல் கல்லெண்டால் செங்கல் மாதிரி ஊறப்போடலாம்.