நாமளா, நாங்களா? உங்களைக் குத்தின ஒரு சொல்லைச் சொல்லுங்க

மடிச்ச துண்டு
கல்யாணமாகி ஆறு வருஷம். துவைச்ச துணியை மடிச்சிட்டிருந்தேன். மாமியார் வந்து என் கையில இருந்த துண்டை வாங்கி, ஒரு உதறு உதறி, மூணா மடிச்சு வச்சாங்க. "எங்க வீட்ல இப்படித்தான் மடிப்போம்." குரல்ல கோபமே இல்ல. திட்டியிருந்தா மறந்திருப்பேன். அந்தத் துண்டை வாங்கினதே நான்தான். அந்த 'எங்க'வுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு இன்னும் எண்ணிட்டிருக்கேன்.

ரெண்டாம் ஷிப்ட்
எங்க மேனேஜர் இதுல கில்லாடி. வேலை நல்லபடியா முடிஞ்சா என் மூஞ்சியைப் பார்த்தே "நாங்க ராப்பகலா உழைச்சோம்"பார். சொதப்பினா "நாம கோட்டை விட்டுட்டோம்". ஒரு தடவை அவர் அனுப்ப மறந்த மெயிலுக்கு "நாம அனுப்பியிருக்கணும்"னார். நான் அன்னைக்கு லீவு!

சொல்லாய்வு
முதல் பதிவுக்காரருக்கு: ரொம்ப யோசிக்காதீங்க. கேக்குறவரையும் சேர்த்துக்கிட்டா நாம், விட்டுட்டா நாங்கள். இலக்கணத்துல முதலாவதுக்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மைன்னு பேர். சங்கத் தமிழ்ல 'யாம்' செஞ்ச வேலையைத்தான் இப்ப 'நாங்கள்' செய்யுது. தெலுங்குல மனம், மேமு. மலையாளத்துல நம்மள், ஞங்ஙள். மலாய்ல கூட கித்தா, காமின்னு ரெண்டு இருக்கு. ஆனா இன்னைக்குப் பேசுற கன்னடத்துல ரெண்டுக்கும் 'நாவு' ஒண்ணுதான். என் கன்னட நண்பர் என்கிட்டயே "நாங்க சாயங்காலம் சந்திக்கலாம்"பார், முதல்ல எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சு. உங்க மாமியாரோட தாய்மொழி என்ன? அதைப் பாருங்க. அப்புறம் நீங்களே தினமும் நாலு தடவை "நம்ம வீடு"ன்னு அவங்க காதுபடச் சொல்லுங்க, பழகிடும். துண்டை மூணா மடிக்கிறதுல இடமும் மிச்சம்.

மடிச்ச துண்டு
தமிழ்தான். அஞ்சு தலைமுறையா. மடிக்கிற முறையை நான் கேக்கல.

காலணி
நாங்க வெளிநாட்டுல இருக்கோம். பொண்ணுக்கு ஏழு வயசு, பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ். அதுல எல்லாத்துக்கும் ஒரே 'வீ'தான். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து "அப்பா, நாங்க பார்க்குக்குப் போலாமா?"ன்னா. அவளும் அம்மாவும் போகப்போறாங்க போலன்னு நான் நினைச்சு, "போய்ட்டு வாங்க"ன்னுட்டு லேப்டாப்பைப் பார்த்துட்டிருந்தேன். அரை மணி கழிச்சுத் தண்ணி குடிக்க எழுந்தா, வாசப்படியில உக்கார்ந்திருக்கா. ஷூ மாட்டியாச்சு. பக்கத்துல என் ஷூவும் ஜோடியா எடுத்து வச்சிருக்கு. அவங்க அம்மா உள்ள தூங்குறா.

சொல்லாய்வு
இது குழந்தைங்க வழக்கமா செய்யுற பிழைதான். அப்பப்போ திருத்திடுங்க. "நாங்க இல்லடா கண்ணு, நாம"ன்னு சொல்லி, திரும்பச் சொல்ல வைங்க. வீட்ல தமிழ்ல மட்டும் பேசுறதுன்னு ஒரு நேரம் வச்சா இன்னும்...

ரெண்டாம் ஷிப்ட்
சார், அவர் இலக்கணமா கேட்டார்? அந்த ஷூவைப் பத்திச் சொல்றார்.

காலணி
திருத்தல. அவளாவே ஒருநாள் மாத்திக்குவா. நான் இப்ப யார் 'நாங்க'ன்னாலும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துடறேன்.

ஊசிக்கு பயந்தவன்
நமக்கு டாக்டர்தான். "நாம ஒரு ஊசி போட்டுக்கலாமா?" எதுக்கு நாம? சட்டைக் கையைத் தூக்கினது நான் ஒருத்தன்தானே!

மடிச்ச துண்டு
நேத்து ராத்திரி கரண்ட் போச்சு. இருட்டுல மாமியார் குரல்: "நம்ம வீட்ல மட்டுமா, தெருவுக்கேவா, பாரும்மா." ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவே இருட்டு. சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டேன்.