போர்டோ கலவை அடித்ததும் திராட்சை இலை கருகுகிறது, எங்கே தவறு?

பந்தல்காரன்:
பன்னீர் திராட்சையில் அடிச்சாம்பல் நோய் வராமலிருக்க 1 சதவீத போர்டோ கலவை அடித்தேன். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். துத்தக் கரைசலிலேயே சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கினேன். நிறம் பச்சை தட்டுகிறது, நாசில் அடைக்கிறது, இலை ஓரம் கருகிவிட்டது. சுண்ணாம்பு பழைய மூட்டையில் மிச்சமிருந்த தூள். அளவு தப்பா?

வரப்போரம்:
அளவு சரிதாங்க, சுண்ணாம்புதான் செத்துப்போச்சு. திறந்து கிடக்கும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும். அதற்குத் துத்தத்தை முறிக்கும் வேகம் கிடையாது. முறியாத செம்புதான் இலையைச் சுடுகிறது. சுண்ணாம்பு பற்றாத கலவை பச்சை தட்டும். சரியாக அமைந்தது வானநீலமாக இருக்கும்.

கட்டியாக இருக்கும் சுட்ட சுண்ணாம்பு வாங்குங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து நீற வைத்து, நன்றாக ஆறிய பிறகு 5 லிட்டராக்கித் துணியில் வடிகட்டுங்கள். சூட்டோடு கலந்தால் துகள் பருத்துவிடும். துத்தத்தை இன்னொரு பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டரில் கரைக்க வேண்டும். இரும்பு வாளி கூடவே கூடாது, துத்தத்திலுள்ள செம்பு அந்த இரும்பிலேயே படிந்துவிடும்.

நீலவாளி:
ஊற்றும் வரிசையும் தலைகீழ். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் படிவு கரடுமுரடாகி அடியில் தங்கும். நாசில் அடைப்பதற்கும் இலையில் ஒட்டாமல் போவதற்கும் அதுதான் காரணம்.

தெளிக்குமுன் ஒரு சோதனை. கதிர் அரிவாள் நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒரு நிமிடம் கலவையில் முக்குங்கள். செம்பழுப்பாகப் படிந்தால் செம்பு மிச்சமிருக்கிறது. படியாத வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். எவர்சில்வர் கத்தியை இதற்கு நம்ப முடியாது.

வரப்போரம்:
கலக்கியதை அன்றைக்கே அடித்து முடியுங்கள், மறுநாள் ஒட்டும் தன்மை போய்விடும். இலை ஈரம் சீக்கிரம் காயாத மந்தாரத்தில் அடித்தால் நல்ல கலவையும் கருக்கும். வேறு பூச்சிமருந்தை இதோடு சேர்க்காதீர்கள், சுண்ணாம்பின் காரத்தில் பல மருந்துகள் வீரியம் இழக்கும்.

இலையில் அப்படி ஒட்டிக்கொள்வதால்தான் இந்த மருந்தே பிறந்தது. பிரான்சின் போர்டோ பக்கம் வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளிப்பார்கள். அந்த இலைகளில் மட்டும் அடிச்சாம்பல் இல்லாததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே 1885-இல் அதை வெளியிட்டார்.

பந்தல்காரன்:
மீதி 4 லிட்டரில் அரிவாளை முக்கினேன், செக்கச்செவேல். புதுச் சுண்ணாம்பு வாங்கி நாளைக் காலை கலக்குகிறேன்.