சதாம் வீட்டுக் கதையை நான்கு பாகமாகப் பார்த்தேன், ஒரு சந்தேகம்

கணக்குப்பிள்ளை:

போன வாரம் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது இராக் அதிபர் சதாம் உசேன் குடும்பத்தைப் பற்றிய 'ஹவுஸ் ஆஃப் சதாம்' தொடரை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். பழைய சரக்குதான். 2008இல் பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து எடுத்தது, மொத்தமே நான்கு பாகம். மகளுடைய பிறந்தநாள் விழா நடக்கிற வீட்டுக்குள்ளேயே பழைய அதிபர் அல்-பக்ரைத் தனியாக அழைத்துப் போய் ராஜினாமா வாங்குவதில் ஆரம்பிக்கிறது (அது 1979), அப்புறம் குவைத், அப்புறம் பொருளாதாரத் தடைக்காலம், கடைசியில் அமெரிக்கா படையெடுத்த 2003.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், அதுதான் என் பிரச்சினையே. மூன்றாம் பாகத்தில் மருமகன் ஹுசைன் கமெல் ஜோர்டானுக்கு ஓடிப்போய், அங்கே யாரும் சீண்டாமல், மாமனார் மன்னித்துவிட்டார் என்று நம்பிப் பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பி வரும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. போகாதேடா என்று வாய்விட்டே சொன்னேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, இந்த ஆள் யார்? இராக்கின் ஆயுதத் தொழிற்சாலைகள் அத்தனையையும் கையில் வைத்திருந்தவர். இவருக்காக நான் ஏன் பதறுகிறேன்?

சதாமின் மனைவி சஜிதா கதையும் அப்படியே. புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட துக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற காட்சியைப் பார்த்தால் நம் வீட்டு மெகா சீரியல் மாமியார்கள் ஞாபகம் வருகிறது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் நச்சுவாயுக் குண்டு போட்டு ஏறக்குறைய ஐயாயிரம் குர்து மக்களைக் கொன்றார்கள், அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அதே வருஷம் சதாமின் மூத்த மகன் உதய் ஒரு விருந்தில் வைத்துக் கொன்ற அப்பாவின் எடுபிடி கமெல் ஹனா கெகியோவின் பெயர் எனக்கு மனப்பாடம்.

கேள்வி இதுதான். இப்படிப்பட்ட ஆளின் வீட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோனாலே எல்லாம் குடும்பச் சண்டை ஆகிவிடுகிறதா, இல்லை என் பார்வைதான் கோணலா?

மேலவீதி:

உங்கள் பார்வையில் கோணல் இல்லை. ஆனால் 'வீடு தனி, அரசாங்கம் தனி' என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். இராக்கில் அப்படிப் பிரித்துப் பார்க்கவே முடியாது. கொஞ்சம் முறை சொல்லிப் பார்ப்போம், தமிழில் சொன்னால்தான் சட்டென்று பிடிபடும்.

சதாமை வளர்த்து ஆளாக்கியது தாய்மாமன் கைரல்லா தல்ஃபா. சஜிதா அவர் மகள், அதாவது சொந்த மாமன் மகள். சஜிதாவின் அண்ணன் தம்பி முறையில் வரும் அத்னான் கைரல்லா பாதுகாப்பு அமைச்சர், அதாவது மச்சான். படையில் நல்ல பெயர் எடுத்தவர், 1989இல் ஹெலிகாப்டர் விழுந்து செத்தார், அதை விபத்து என்று இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. உளவுத்துறையைப் பார்த்துக்கொண்ட பர்ஸான், சதாமுக்குத் தாய் ஒன்று தகப்பன் வேறு என்கிற வகையில் தம்பி. அவர் கட்டியதும் சஜிதாவோடு உடன்பிறந்தவளைத்தான், ஆகவே சகலையும்கூட. சதாம் ஊர்ப் பக்கமான திக்ரித் ஊர்க்காரர்கள் இப்படி எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தது பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால், 1970களில் பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயர், குலப்பெயர் போடுவதையே அரசு நிறுத்திவிட்டது.

ஹுசைன் கமெல் பங்காளி வழி. சதாமின் பெரியப்பா சித்தப்பா வழிப் பேரன் முறை வரும், நம் கணக்கில் அவர் கட்டிய சதாம் மகள் ரகதுக்கு அவர் அண்ணன்! நம் ஊரில் நினைத்துப் பார்க்கவே முடியாத சம்பந்தம், அங்கே அதுதான் முதல் உரிமை. வெளியே ஒரு சொட்டு அதிகாரம் கசியக்கூடாது என்றால் பெண்ணையும் உள்ளேயே கொடுக்க வேண்டும். ஆக இந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் அது அமைச்சரவை மாற்றம் மாதிரி. வீட்டைக் காட்டாமல் இந்த ஆட்சியை வேறு எப்படிக் காட்டுவது?

குவைத்காரர் மகன்:

மேலவீதி அண்ணே சொல்வது புத்தகத்துக்குச் சரி. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா குவைத்தில் சால்மியாவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1990 ஆகஸ்ட் 2 காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் வேறு நாட்டு ராணுவம். கடைக்குள் வந்த சிப்பாய்கள் மீசைகூடச் சரியாக முளைக்காத பையன்கள், பசியோடு இருந்தார்கள், பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பார். அப்புறம் பஸ் பிடித்து பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி அம்மான், அங்கே கூடாரத்தில் காத்திருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய். அப்படி வந்த சுமார் 1,70,000 இந்தியர்களில் அவரும் ஒருவர். பதினோரு வருஷச் சம்பாத்தியத்தில் கையில் இருந்த தினார் கட்டை பம்பாயில் மாற்றப் போனால் யாரும் தொடவில்லை. அந்த நோட்டுகள் இரும்புப் பெட்டியில் ரொம்ப நாள் கிடந்தன, நான் அதை வைத்து வியாபாரம் விளையாடியிருக்கிறேன்.

இந்தத் தொடரை நான்தான் அவருக்குப் போட்டுக் காட்டினேன். குவைத் வரும் பாகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். சதாமும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற இடம் வரைக்கும் பார்த்துவிட்டு, "இவன் வீட்டுல என்ன சண்டைன்னு எனக்கு எதுக்குடா" என்று எழுந்து போய்விட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கதையில் சதாம் ஒரு ஆளே இல்லை, பாக்தாத் வரைக்கும் பஸ் ஜன்னலில் தெரிந்த படம், அவ்வளவுதான்.

திரைக்குப் பின்னால்:

சின்னத்திரையில் சில வருஷம் வசனம் எழுதியிருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

படுக்கையறையில் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதை எழுதுகிறவன் இட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. நடந்தது நன்றாகவே தெரிந்த இடத்திலும் கதைக்காக வளைக்கும்போதுதான் இடிக்கிறது. நெருங்கிய நண்பர் அத்னான் ஹம்தானியைத் தொடரில் சதாம் தன் கையாலேயே சுடுகிறார். பார்க்க அதிரடியாக இருக்கும், பாத்திரத்தின் குணம் ஒரே ஷாட்டில் வந்துவிடும். ஆனால் உண்மையில் ஹம்தானி மற்றவர்களோடு சேர்த்து 1979 ஆகஸ்டில் விசாரணை, தீர்ப்பு, துப்பாக்கிப் படை என்று முறைப்படி கொல்லப்பட்டார்.

அதற்கு முன்னால் ஜூலை 22 அன்று நடந்த கட்சிக் கூட்டத்தின் வீடியோ இணையத்தில் கிடைக்கும், பார்க்காதவர்கள் பாருங்கள். மேடையில் சதாம் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துரோகிகள் என்று ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க அந்த ஆளை எழுப்பி வெளியே கூட்டிப் போகிறார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு அடுத்த பெயர் தன்னுடையதா என்று தெரியாது, அதனால் ஒருவர் எழுந்து வாழ்க கோஷம் போட, இன்னொருவர் அதைவிடச் சத்தமாகப் போடுகிறார். நடுவில் சதாம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறார். தப்பித்தவர்களைத்தான் பிறகு சுடுகிற வேலைக்கும் அழைத்துப் போனார்கள், எல்லார் கையிலும் ரத்தம் இருக்கட்டும் என்று. அந்த டேப்பைப் படியெடுத்து விநியோகித்ததும் ஆட்சியேதான். தன் கையால் சுடுகிறவன் ஒரு ரவுடி, நம் படங்களில் நூறு பேர் இருக்கிறார்கள். அழுதுகொண்டே அடுத்தவனைச் சுட வைக்கிறவனை எழுதுவதுதான் கஷ்டம், தொடர் அந்த இடத்தில் சுலபமான வழியில் போய்விட்டது.

நடிப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே? சதாமாக வரும் இகல் நவோர் இஸ்ரேல்காரர், பாக்தாதிலிருந்து போன யூதக் குடும்பம். சஜிதாவாக வரும் ஷோரே அக்தாஷ்லூ தெஹ்ரானில் பிறந்தவர், எட்டு வருஷம் அந்த ஆள் குண்டு போட்ட நாடு, எம்மி விருதும் வாங்கினார். மருமகனாக வந்தவர் எகிப்து நடிகர் அமர் வாகெட், இஸ்ரேல் நடிகரோடு எப்படி நடிக்கலாம் என்று அவர் ஊர் நடிகர் சங்கத்தில் விசாரணை வரைக்கும் போனது. படப்பிடிப்பு நடந்தது துனீசியாவில். பேசுவது ஆங்கிலம். இத்தனைக்கும் நடுவில் இராக்கை நம்ப வைத்ததே பெரிய விஷயம்.

மேலவீதி:

குவைத்காரர் மகனுக்கு: உங்கள் அப்பா கேட்டதை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், நான் மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும்.

ஹுசைன் கமெல் செத்த விதத்தைப் பாருங்கள். 1995 ஆகஸ்டில், உதய் ஒரு விருந்தில் சித்தப்பா வத்பானைக் காலில் சுட்ட அதே சமயத்தில், தம்பி சதாம் கமெலையும், இருவரும் கட்டியிருந்த சதாமின் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அம்மானுக்கு ஓடினார். 1996 பிப்ரவரி 20 அன்று திரும்பி வந்தார்கள். உடனே விவாகரத்து. 23ஆம் தேதி பாக்தாதில் அவர்கள் இருந்த வீட்டைச் சுற்றி வளைத்து மணிக்கணக்கில் துப்பாக்கிச் சண்டை, அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அப்பா உட்படக் குடும்பத்தோடு காலி. இதற்கு அரசாங்கம் சொன்ன விளக்கம்தான் முக்கியம். அரசு மன்னித்துவிட்டது, ஆனால் குலத்தின் மானத்தைக் காக்கச் சொந்தக்காரர்களே களை எடுத்துவிட்டார்கள், இது குடும்ப விவகாரம், இதுதான் விளக்கம்.

அதாவது 'குடும்பக் கதை' என்பது பிபிசி கண்டுபிடித்தது இல்லை. வேண்டும்போது மாட்டிக்கொள்ள ஆட்சியே வைத்திருந்த முகமூடி. தொடர் அந்த முகமூடியைக் கழற்றாமல் அப்படியே படம் பிடித்துவிட்டது. அதனால்தான் கணக்குப்பிள்ளைக்கு நெஞ்சு அடைத்தது.

அந்த வீட்டைத் தாக்கப் போன கூட்டத்தின் தலைமையில் இருந்தவர் அலி ஹசன் அல்-மஜீத், செத்தவர்களின் சொந்தச் சித்தப்பா. ஹலப்ஜாவில் வாயுக் குண்டு போட்டதற்காக 2010இல் தூக்கில் போட்டார்களே, 'கெமிக்கல் அலி', அவரேதான். கணக்குப்பிள்ளைக்குப் பெயர் தெரியாத அந்த ஐயாயிரம் பேருக்கும், பெயர் தெரிந்த இந்த மருமகனுக்கும் நடுவில் நிற்பது இந்த ஒரு ஆள். நான் எடுத்தால் அவரை மையமாக வைத்துத்தான் எடுப்பேன்.

திரைக்குப் பின்னால்:

அலியை மையமாக வைத்தால் இரண்டாம் பாகத்துக்கு எந்தச் சேனலும் காசு தராது, அனுபவத்தில் சொல்கிறேன் :)

நான் ரகதை எடுத்துக்கொள்வேன். அப்பா புருஷனைக் கொன்றார், மாமனாரைக் கொன்றார், கொழுந்தனைக் கொன்றார். ஆட்சி விழுந்ததும் அம்மானுக்குப் போன அதே பெண்தான் தொலைக்காட்சிப் பேட்டியில் அப்பாவைப் பாசமானவர் என்றார், அவருக்கு வக்கீல் பட்டாளமும் ஏற்பாடு செய்தார். இதை நான் சீரியலில் எழுதிக் கொண்டுபோனால் இயக்குநர் பேப்பரை முகத்தில் எறிவார், யார் நம்புவார்கள் என்று. வசனமே இல்லாமல் அந்தப் பெண்ணை ஒரு அறையில் போனோடு உட்கார வைத்து, வக்கீல்களிடம் கட்டணம் பேசுவதை மட்டும் காட்டினால் போதும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. மேலவீதி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி மூன்றாம் பாகத்தை மறுபடி போட்டேன். இந்தத் தடவை மருமகனைப் பார்க்காமல், அவரைச் சுற்றி நிற்கிற சொந்தக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

குவைத்காரர் மகன், அந்த தினார் நோட்டு இப்போதும் இருக்கிறதா?

குவைத்காரர் மகன்:

ஒன்றே ஒன்று இருக்கிறது. அப்பா ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார், ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார்.