பழைய ஹாலிவுட் ராணுவ நகைச்சுவைப் படங்கள்: ஓர் உதவி வேண்டும்

நண்பர்களே, எங்கள் திரைப்படக் குழுவில் பேசுவதற்காகக் கேட்கிறேன். 1941இல் வந்த அபாட், காஸ்டெல்லோ ஜோடியின் ‘பக் பிரைவேட்ஸ்’ படத்தில் முக்கியமான சிப்பாய்கள் எல்லோருமே வெள்ளையர்கள். அன்றைக்கு அமெரிக்கப் படையையே நிறம் பார்த்துத்தான் பிரித்து வைத்திருந்தார்கள். 1948 ஜூலையில் அதிபர் ட்ரூமன் ஆணையிட்ட பிறகே அது மாறத் தொடங்கியது.

1965இல் தொடங்கிய ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ தொலைக்காட்சித் தொடர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் நடக்கும் நகைச்சுவை. அதில் ஐவன் டிக்சன் நடித்த கறுப்பினக் கைதி சார்ஜென்ட் கின்ச்லோ எனக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டனோடு பேசும் ரகசிய ரேடியோ அவர் பொறுப்பில்தான். நிறத்தை வைத்து அவரைச் சிரிப்புக்குப் பயன்படுத்தவில்லை, அது பெரிய விஷயம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த நகைச்சுவைத் திரைப்படங்களில் கறுப்பினச் சிப்பாய்க்கு வசனமும் மரியாதையும் உள்ள பாத்திரம் எதிலாவது உண்டா? எடுபிடி வேடங்கள் வேண்டாம். படத்தின் பெயரோடு, நினைவிருந்தால் காட்சியையும் சொல்லுங்கள்.